ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மரம்

நான் வேலை செய்கிற றெஸ்ரோரண்டின் மெனு அட்டையில், கடைசிப் பக்கத்தில், குடிவகைகளின் விலைகளுக்குக் கீழே பச்சை இலையொன்றின் படம் போட்டு ஒரு வசனம் அச்சடித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்த வசனத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'உங்கள் சாப்பாட்டினால் காற்றில் சேர்ந்த காபனை மரம் நட்டு ஈடுசெய்துவிட்டோம்.' அந்த அட்டை 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அச்சாகி வந்தது. அதற்கு மூன்று கிழமைகளுக்கு முன்னர்தான் நாங்கள் அந்த மரங்களை நட்டுவிட்டு வந்திருந்தோம். நட்டவர்களில் நானும் ஒருவன். அவை எவ்வளவு பெரிய மரங்கள் என்பது எனக்குத் தெரியும். என் முழங்காலுக்கு வந்தன.

'ஈடுசெய்துவிட்டோம்' என்ற அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப்போல அன்று தொடக்கம் எனக்குள் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். புதிதாக நடுகிற காடு எவ்வளவு காபனைச் சேமிக்கும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கை எதுவரை நம்பலாம் என்று எனக்கு விளங்கியதை எழுத முயல்கிறேன். நான் இதில் நிபுணன் அல்ல. ஊரில் விவசாயபீடத்தில் 2011 இல் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. பிறகு கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, இப்போது கறி அடுப்பில் நிற்கிறேன். ஆனால் அரைகுறையாகப் படித்த ஒரு விடயம் நித்திரையில்கூட ஆளை விடாது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

*

முதலாளியிடம் இந்த யோசனையைக் கொண்டுவந்தது மரம் நடுவிக்கிற ஒரு நிறுவனம். ஒவ்வொரு பில்லிலும் ஒரு சிறுதொகையை ஒதுக்கிக் கொடுத்தால் அவர்கள் மரம் நடுவார்கள், சேர்ட்டிபிக்கற் தருவார்கள். முதல் 300 மரங்களை நடுவதற்கு வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், படம் எடுக்கலாம் என்றார்கள். பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, றெஸ்ரோரண்ட் பூட்டியிருக்கிற நாள், பதினொரு பேர் ஒரு டீசல் மினிபஸ்ஸில் கிளாஸ்கோவிலிருந்து தெற்கே, கிளைட் ஆறு பிறக்கிற மேட்டுநிலப் பக்கம் போனோம்.

ஸ்கொட்லாந்தின் மொட்டை மலைகளைப் பார்த்து 'கைபடாத இயற்கை' என்று படம் எடுக்கிறார்கள். உண்மையில் அவை வெட்டியும் ஆடு மேய்த்தும் மொட்டையாக்கப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இந்த நாட்டில் காடு நூற்றுக்கு ஐந்து வீதமளவில்தான் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபிறகு, 1919 இல் வனவியல் ஆணைக்குழுவை உருவாக்கி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த சிற்கா ஸ்புறூஸ் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று ஸ்கொட்லாந்தில் காடு 18 வீதத்துக்கு மேல். அன்று பலகைக்கு நட்டார்கள், இன்று காபனுக்கும் நடுகிறார்கள். கிளாஸ்கோவைச் சுற்றி மட்டும் பத்து வருடத்தில் ஒரு கோடியே எண்பது இலட்சம் மரங்கள் நடுவதாக 'கிளைட் கிளைமற் பொறெஸ்ற்' என்ற திட்டத்தை 2021 இல் அறிவித்தார்கள். செய்தியில் வருவது எப்போதும் நடுகிற தொகைதான்.

எங்களுக்கு நடக் காட்டித் தந்தவர் ஓய்வுபெற்ற வன உத்தியோகத்தர் ஒருவர், எழுபது வயதுப் பெண்மணி. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மெல்லிய இரும்புக்கம்பி ஒன்றை நிலத்துக்குள் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். மண்ணின் மேல்படையாகக் கிடக்கிற கறுப்புச் சதுப்பு, பீற் என்று சொல்கிறார்களே, அதன் ஆழத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு சாண் ஆழம்கூட இல்லை. சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தில் கம்பி 70 சென்ரிமீற்றர் இறங்கியது. 'இதில் ஒரு கன்றும் வைக்கக்கூடாது' என்று சிவப்புக் கொடி ஒன்றை நட்டார். அரை மீற்றருக்கு மேல் பீற் இருந்தால் அங்கே காடு நடக்கூடாது என்பது இங்குள்ள விதி. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அருவிக்கரையில் ஒரு பழைய பேர்ச் மரம் நின்றது. வெள்ளைப் பட்டை, மெல்லிய கிளைகள். வயது நாற்பதளவில் இருக்கும் என்றார் அந்த அம்மா. நாங்கள் நடுகிற கன்றுகளில் பாதிக்கு மேல் இந்த இனம்தான். அப்படியென்றால் இது நாற்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் கன்று. இதை அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஓடர் எழுதுகிற தாளில் ஒன்றைக் கிழித்து மூலைவிட்டமாக மடித்தேன். 45 பாகை முக்கோணம். அதன் சரிவு வழியாக மரத்தின் நுனி தெரியும்வரை பின்னுக்கு நடந்து, நின்ற இடத்துக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தோடு என் கண்மட்ட உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். 14 மீற்றர் வந்தது. பிறகு நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், சுற்றளவு. 63 சென்ரிமீற்றர். அப்படியென்றால் விட்டம் 20. வன உத்தியோகத்தர் அம்மா சிரித்துக்கொண்டு பார்த்தார். 'கருவி வாங்கக் காசைச் செலவழித்தது வீண்போல' என்றார். போகும்போது முறிந்துபோன கன்றுகள் சிலவற்றைக் கேட்டேன். ஒரு பையில் போட்டுத் தந்தார்.

*

எங்கள் கிச்சினில் என்னோடு நிற்கிற அண்ணை கிளிநொச்சிப் பக்கத்து ஆள். ஐம்பத்தைந்து வயது. முழங்கால் வருத்தம் என்று அன்றைக்கு மலைக்கு வரவில்லை. அடுத்தநாள் காலை வெங்காயம் வதக்கிக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நட்டனீங்கள்?"

"முந்நூறு அண்ணை."

"எத்தனை நிக்குது?"

"நேற்றுத்தானே நட்டது."

"அப்ப ஏன் நேற்றே கணக்கு முடிச்சவங்கள்?"

சேர்ட்டிபிக்கற் ஏற்கெனவே கவுண்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. '300 மரங்கள், 75 தொன்.' 

அன்று இரவு நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் அருவிக்கரைப் பேர்ச். அடிமரத்தை 20 சென்ரிமீற்றர் விட்டமும் 14 மீற்றர் உயரமும் உள்ள உருளை என்று எடுத்தால் கனவளவு 0.44 கன மீற்றர். ஆனால் மரம் மேலே போகப்போக மெலிகிறது. அதற்காகப் பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் 0.2. பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் பேர்ச்சின் ஒரு கன மீற்றரில் உலர்ந்த மரம் 530 கிலோ அளவு. ஆகவே அடிமரத்தின் உலர் திணிவு 105 கிலோ. கிளைக்கும் வேருக்குமாக இன்னும் அரைப்பங்கு சேர்த்தால் 157. உலர்ந்த மரத்தில் பாதி காபன் என்று எடுப்பார்கள். 79 கிலோ. இது மரத்துக்குள் இருக்கிற காபன். காற்றில் இருந்தபோது அது காபனீரொட்சைட்டாக இருந்தது. ஏ.எல். இரசாயனவியல் ஞாபகம் உள்ளவர்களுக்குத் தெரியும், காபன் 12, காபனீரொட்சைட்டு 44. 44 ஐ 12 ஆல் பிரித்துப் பெருக்கினால் ஏறக்குறைய 290 கிலோ. அந்த ஒரு மரம் நாற்பது வருடம் நின்று காற்றிலிருந்து எடுத்தது அவ்வளவு.

அடுத்தது எங்கள் கன்று. பையில் கொண்டுவந்ததில் நல்லதொன்றை வேரோடு கழுவி, அலுமினியத் தட்டில் வைத்து, அவண் மேல்தட்டின் சூட்டில் இரண்டு இரவு காயவிட்டேன். நிறை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்த வேண்டும் என்று ஆய்வுகூடத்தில் படித்தது. மசாலா நிறுக்கிற தராசில் வைத்தபோது 12 கிராம். பாதி காபன், 6 கிராம். காபனீரொட்சைட்டாக 22 கிராம். முந்நூறு கன்றுக்கும் சேர்த்து 6.6 கிலோ.

இப்போது எங்கள் பக்கம். காஸ் மீற்றரை ஒரு கிழமை தொடர்ந்து பார்த்தேன். நாளொன்றுக்கு 200 கிலோவாற் மணியளவில் ஓடியது. எரிவாயு ஒரு கிலோவாற் மணிக்கு 0.18 கிலோ காபனீரொட்சைட்டை விடும். நாளுக்கு 36 கிலோ. ஆக, நாங்கள் அந்த மலையில் விட்டுவிட்டு வந்த மரங்களுக்குள் அன்று இருந்தது எங்கள் அடுப்பு இரண்டு மணித்தியாலத்தில் விடுகிற புகை. வெங்காயம் வதங்கி முடிய அது சரி. எங்களை ஏற்றிப்போன மினிபஸ் போகவரப் 12 லீற்றர் டீசல் குடித்திருக்கும். ஒரு லீற்றருக்கு 2.7 கிலோ. அது மட்டுமே 32 கிலோ. நட்டதைப்போல ஐந்து மடங்கைப் பாதையிலேயே விட்டிருக்கிறோம். ஆட்டிறைச்சியின் கணக்கை நான் தொடவேயில்லை.

அண்ணையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த 75 தொன் பொய்யல்ல என்பதும் எனக்கு அதே கணக்கில் விளங்கியது.

*

கன்றுகளை இரண்டரை மீற்றருக்கு ஒன்றாக வைத்தால் ஒரு ஹெக்ரேயருக்கு 1,600. எங்கள் 300 கன்றுக்கு 0.19 ஹெக்ரேயர். நாற்பது வருடத்தில் நெருக்கத்தாலும் நோயாலும் பாதி போய் 150 நிற்கிறது என்று வைத்தால், மரத்துக்கு 290 கிலோ வீதம் 43 தொன்னுக்குச் சற்று மேலே. நூறு வருடம் நின்றால் 75 நம்பக்கூடிய தொகைதான். முதலாளியின் மின்னஞ்சலில் இருந்து நான் எழுதிக் கேட்டபோது நிறுவனமும் அதையே சொன்னது: 'நூறு வருடங்களுக்கான மொத்தம்.' சேர்ட்டிபிக்கற்றில் அந்த நூறு என்ற இலக்கம் மட்டும் எங்கேயும் இல்லை.

மரம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. முதல் பத்து வருடம் கன்று வேர் பிடிக்கவும் புல்லோடு மல்லுக்கட்டவும் போய்விடும். அந்தப் பத்து வருடத்தில் எங்கள் துண்டு நிலம் கூடினால் மூன்று தொன்னைச் சேர்க்கும் என்பது என் கணிப்பு. பிறகு இருபது, முப்பது வருடங்களில் விறுவிறென்று ஏறும். அதன்பிறகு மெல்ல அடங்கும். எங்கள் அடுப்போ வருடத்துக்கு 13 தொன் விடுகிறது. நூறு வருடக் காட்டை ஆறு வருடத்துக்குள் எரித்து முடித்துவிடுவோம். புகை இன்றைக்கே மேலே போய்விட்டது. மரம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வரும். இலக்கம் சரி. வினைமுற்றின் காலம்தான் பிழை.

இந்த நாட்டில் இதற்கென்று ஒழுங்கான விதிக்கோவை ஒன்று 2011 இலிருந்து இருக்கிறது. வூட்லண்ட் காபன் கோட் என்று பெயர். அதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அண்ணை கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் மண், காற்று, மழை, உயரம் பார்த்து அந்த இடத்தில் அந்த மரம் எவ்வளவு வளரும் என்று ஒரு வகுப்புக் கொடுக்கிறார்கள். வகுப்பு 4 என்றால், மிகச்சிறந்த சராசரியாக ஹெக்ரேயருக்கு வருடத்தில் 4 கன மீற்றர் மரம். ஓக் மரத்துக்கு அப்படித்தான் வரும். சிற்கா ஸ்புறூஸ் நல்ல நிலத்தில் 14 அல்லது அதற்கு மேல். இனம், வகுப்பு, இடைவெளி மூன்றையும் வைத்து, ஐந்து ஐந்து வருடமாக எவ்வளவு சேரும் என்ற அட்டவணையிலிருந்து தொகையை எடுக்கிறார்கள். பிறகு கழிக்கத் தொடங்குகிறார்கள். நிலத்தைக் கிளறியதால் மண்ணிலிருந்து போன காபனைக் கழி. வேலிக்கும் குழாய்க்கும் எரிபொருளுக்கும் கழி. மரம் நடாமல் விட்டிருந்தாலும் அங்கே வளர்ந்திருக்கக்கூடியதைக் கழி. பலகைக்காக முழுக்க வெட்டுகிற காடென்றால் வெட்டுவதற்கு முந்தைய நாளின் உச்சத்தொகையைக் காட்டமுடியாது, வளர்ந்தும் வெட்டியும் வருகிற நீண்டகாலச் சராசரிதான். கடைசியாக, புயலுக்கும் தீக்கும் நோய்க்கும் என்று மிச்சத்தில் 20 வீதத்தைப் பொதுச்சேமிப்பில் போடவேண்டும்.

அந்த 20 வீதம் கூட என்று நினைப்பவர்கள் 2021 நவம்பரில் வந்த ஆர்வென் புயலை நினைக்கவேண்டும். ஒரே இரவில் இந்தத் தீவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. 2012 இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட பங்கசு நோயொன்று ஆஷ் மரங்களை இன்னமும் கொன்றுகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்த விதிக்கோவையில் காபனுக்கு இரண்டு பெயர். நட்டவுடன் கொடுப்பது 'வரவிருக்கும் அலகு'. அது வாக்குறுதி மட்டும். அதைக் காட்டி 'என் புகையை ஈடுசெய்தேன்' என்று ஒருவரும் சொல்லக்கூடாது. ஆட்கள் போய், நிலத்தில் நின்று, அளந்து பார்த்த பிறகே அது 'உறுதிசெய்யப்பட்ட அலகு' ஆகும். முதல் பரிசோதனை ஐந்தாம் வருடத்தில். பிறகு பத்துப் பத்து வருடத்துக்கு ஒருமுறை. எனக்கும் முதலில் கிடைத்தது ஐந்து வருட விசாதான். ஐந்தாம் வருடம் வந்து பார்ப்போம் என்பதன் கனம் எனக்கு வேறு ஒருவர் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

*

அந்த இரும்புக்கம்பிக்கு வருகிறேன்.

நாங்கள் மரத்தைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்ப்பதில்லை. ஸ்கொட்லாந்தின் பீற் மண் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வளர்வது. பாசியும் புல்லும் தண்ணீருக்குள் அமிழ்ந்து, உக்காமல், படைபடையாகச் சேர்ந்த பழைய காபன் அது. ஒரு மீற்றர் ஆழம் என்றால் ஆயிரம் வருடம். அதில் மரம் நடுவதற்காகக் கான் வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்றுப் புகும். உக்காமல் இருந்தது உக்கத் தொடங்கும்.

வடக்கே கேத்னஸ், சதர்லண்ட் பகுதிகளில் 'புளோ கண்ட்றி' என்ற பெரும் சதுப்புநிலம் இருக்கிறது. 1980 களில், மரம் நட்டால் வருமான வரியில் சலுகை என்றிருந்தபடியால், வசதியானவர்கள் அந்த இடத்தை ஒருநாளும் காணாமலே காசைப் போட்டு ஆழப் பீற்றில் ஸ்புறூஸ் நடுவித்தார்கள். 1988 வரவுசெலவுத் திட்டத்தில் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அன்று நட்ட மரங்களைப் பிற்காலத்தில் காசு கொடுத்து வெட்டி, கான்களை அடைத்துத் தண்ணீரைத் திரும்ப நிறுத்தவேண்டி வந்தது. 2024 இல் புளோ கண்ட்றியை யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

ஆழமில்லாத மண்ணிலும் கவனம் வேண்டும். ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகத்தையும் ஜேம்ஸ் ஹட்டன் நிறுவனத்தையும் சேர்ந்தவர்கள் 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெதர் பற்றைகள் நிறைந்த மேட்டுநிலங்களில் பேர்ச்சும் பைனும் நட்ட பரிசோதனை நிலங்களை 12 வருடத்துக்குப் பிறகும் 39 வருடத்துக்குப் பிறகும் அளந்திருக்கிறார்கள். மரத்தில் காபன் ஏறியிருக்கிறது. மண்ணில் குறைந்திருக்கிறது. பேர்ச் நட்ட நிலத்தின் மண்ணில் 12 வருடத்தில் 58 வீதம் குறைவு. இரண்டையும் கூட்டிப்பார்த்தால், நடாமல் விட்ட பக்கத்து நிலத்தைவிட ஒன்றும் கூடவில்லை, 39 வருடத்துக்குப் பிறகும்கூட.

இதைப் படித்துவிட்டு மரம் நடுவதே ஏமாற்று என்று முடிவுகட்டுவதும் பிழை. கணக்கு மற்றப் பக்கமும் பிழைக்கும். ஒக்ஸ்போட்டுக்கு அருகில் உள்ள வைத்தம் காட்டை லேசர் கதிரால் கிளை கிளையாக அளந்து, அதன் முடிவை 2022 இல் வெளியிட்டார்கள். அங்கே நிலத்துக்கு மேலே நிற்கிற மரத்தின் திணிவு பழைய சூத்திரம் சொன்னதைப்போல 1.77 மடங்கு. விட்டத்தை மட்டும் வைத்து எழுதிய சூத்திரங்கள் பெரிய கிழட்டு மரங்களுக்குப் பொருந்தவில்லை. அருவிக்கரைப் பேர்ச்சுக்கு நான் போட்ட 290 ஐயும் அப்படித்தான் எடுக்கவேண்டும். முன்னுக்குப் பின்னாக ஒரு தொகை. வேலிக்குள் நின்று அளக்கிறவன் மாறினால் இலக்கமும் மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போய் அளக்கவேண்டும் என்கிறேன்.

*

அண்ணையின் கதை ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது. இவ்வளவும் எழுதத் தூண்டியதே அதுதான்.

சமாதானக் காலத்தில், 2003 இல், அண்ணை தன் காணியில் நாற்பது தென்னம்பிள்ளை வைத்தார். ஒவ்வொன்றுக்கும் கிடங்கு வெட்டி, உப்பும் சாம்பலும் போட்டு, பொச்சு மட்டை அடுக்கி, கோடையில் வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. 2008 கடைசியில் அவற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணையின் தமக்கை 2011 இல் திரும்பிப் போனபோது ஒன்பது நின்றது. மரம் கணக்கெடுக்க ஒரு உத்தியோகத்தர் படிவத்தோடு வந்தார். படிவத்தில் 'நிற்கும் மரங்கள்' என்று ஒரு பெட்டி மட்டும் இருந்தது. அக்கா நாற்பது என்றார். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனார்.

"அக்கா போனிலை அழுதவ. எனக்கும் அந்த மனிசன்மேல் சரியான கோபம்" என்றார் அண்ணை. "இப்ப நீ சொல்லுறதைக் கேட்டா, மரக்கணக்கெண்டால் அப்பிடித்தான் எடுக்கவேணும் போலை. நிக்கிறதைத்தான் எண்ணவேணும். ஆனா தம்பி, செத்தது ஏன் செத்ததெண்டு எழுதவும் ஒரு பெட்டி வேணும். அது இல்லாத கணக்கும் கள்ளக் கணக்குத்தான்."

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். எவ்வளவு நேர்மையான மதிப்பீடு. எத்தனை வருடம் என்பதும், பலன் ஆருக்கு என்பதும் அதற்குள் இருக்கிறது. பனங்கொட்டையைப் புதைத்துவிட்டு 'நொங்கு குடித்துவிட்டோம்' என்று ஒருவரும் சொன்னதில்லை. வைத்த மரத்தைப் பார்க்கக்கூட முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பழமொழியில் இடமில்லை. அவர்களைத்தான் நாங்கள் நாடுநாடாகச் சந்திக்கிறோம்.

2024 ஒக்டோபரில், லீவு நாளொன்றில் நான் தனியாகப் பஸ் எடுத்துப் போனேன். இறங்கிய இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் நடை. நாங்கள் நட்ட வரிசைகளில் நூறு குழாய்களைத் தொடர்ச்சியாக எண்ணி, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைத் தாண்டிய 2022 கோடையும் அந்தக் கன்றுகளுக்கு முதல் கோடையாக இருந்தது. 64 உயிரோடு இருந்தன. சில என் தோளளவு வந்துவிட்டன. மிச்சம் 36. அண்ணை கேட்ட பெட்டியையும் கொப்பியில் கீறிக்கொண்டு போயிருந்தேன். மான் கடித்தது 9. எலி அடியைச் சுற்றிப் பட்டை தின்றது 4. புல்லுக்குள் அமுங்கியது 8. காரணம் தெரியாமல் காய்ந்தது 15. வன உத்தியோகத்தர் அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நூற்றுக்கு 64 என்பது இந்த நிலத்துக்கு வெட்கப்படவேண்டிய தொகை இல்லை, வெறுங்குழாய்களுக்குள் மாரியில் திரும்ப வைக்கலாம் என்று பதில் வந்தது.

முதலாளியிடமும் காட்டினேன். மெனுவில் அந்த வசனத்தை எடுத்துவிட்டு '300 நட்டோம், நூற்றுக்கு 64 நிற்கிறது' என்று போடலாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சாப்பிட வருகிறவன் செத்த மரத்தைப் பற்றி வாசிப்பானா?" என்று கேட்டார். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் பயந்துகொண்டு திரிந்தேன். புதிய அட்டை 2025 தையில் வந்தது. பச்சை இலை அப்படியே இருந்தது. அதன் கீழே 'மரம் நடுகிறோம்' என்று மட்டும் இருந்தது. என்னிடம் அதுபற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுப்புக்கு மேலே காஸ் மீற்றரின் வாசிப்பை எழுதுகிற தாள் இப்போதும் தொங்குகிறது. குழம்பு கொதித்தபின் அடுப்பைக் குறைக்கிறோம், சட்டிகளை மூடுகிறோம், சும்மா எரிகிற அடுப்பை அண்ணை கண்டால் ஏசிவிட்டு நிற்பாட்டுகிறார். நாளுக்கு 200 ஆக இருந்தது 170 ஆகியிருக்கிறது. அதனால் மிஞ்சுகிற ஐந்து கிலோவைச் சொல்ல இறந்தகாலத்தைப் பாவிக்கலாம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பஸ் இறங்குகிற இடத்தையும், நடக்கிற பாதையையும், சிவப்புக் கொடியிலிருந்து எத்தனையாவது வரிசையில் எண்ணத் தொடங்கவேண்டும் என்பதையும் கீறி வைத்திருக்கிறேன். ஐந்தாம் வருடம் 2027 பெப்ரவரியில் வருகிறது. முழங்கால் விட்டால் இந்தமுறை தானும் வருவதாக அண்ணை சொல்லியிருக்கிறார்.